சந்தாபுராவில் யார் செய்தி சொல்வது?

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. எல்லாத் தொழிலாளர்களுக்கும் பணி நியமனக் கடிதம், குறித்த கால ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்களுக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை, வெளிமாநிலத் தொழிலாளர் சொந்த ஊருக்குப் போய்வரப் பயணப்படி என்று தொழிலாளி தெரிந்துகொள்ள வேண்டியவை அவற்றில் நிறைய இருக்கின்றன. பெங்களூரின் தென்கோடியில் உள்ள சந்தாபுராவில் இந்தச் செய்தி யாருக்கு மிகவும் தேவையோ, அவர்களின் மொழியில் அதைச் சொல்ல அங்கே வானொலியும் இல்லை, தொலைக்காட்சியும் இல்லை.

ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் பேருந்தில் போனவர்களுக்குச் சந்தாபுரா தெரியும். அத்திப்பள்ளியைத் தாண்டியதும் வரும் நெரிசலான சந்திப்பு அது. அங்கிருந்து ஒரு சாலை ஆனேக்கலுக்குப் பிரிகிறது. சற்று முன்னே பொம்மசந்திரா, மேற்கே ஜிகணி என்று தொழிற்பேட்டைகள் தொடர்கின்றன. 2025 ஆகஸ்ட் முதல் மெட்ரோ மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. நாளிதழ்களில் சந்தாபுராவின் பெயர் வருவது பெரும்பாலும் அதன் ஏரிக்காக. அந்த ஏரி கெட்டுப்போனதற்காகத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2022-இல் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது.

ஏரியைச் சுற்றியும் சாலைக்குப் பின்புறமும் வரிசை வீடுகளில் தங்கியிருப்பவர்கள் ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், மேற்கு வங்கம், அசாம் மாநிலங்களிலிருந்து ஆலை வேலைக்கும் காவல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்தவர்கள். நம் பேச்சில் அவர்கள் எல்லோரும் ‘வடநாட்டுப் பையன்கள்’. அவர்களுக்குள் சந்தால்கள் உண்டு, முண்டாக்கள் உண்டு, ஓரான்கள், போடோக்கள் உண்டு. இந்தி அவர்களில் பலருக்கு இரண்டாவது மொழி, சிலருக்கு மூன்றாவது மொழி. வந்தவர்கள் மட்டுமல்ல, இந்த மண்ணின் பழங்குடியினரும் இதே ஆனேக்கல் தாலுகாவில் இருக்கிறார்கள். பன்னார்கட்டாவில் ஹக்கிப்பிக்கி குடியிருப்பு இருக்கிறது. காட்டோரச் சிற்றூர்களில் இருளிகர்கள் வாழ்கிறார்கள்.

தமிழருக்குக் கிடைப்பது

இதே சந்தாபுராவில் வேலை செய்யும் தமிழரின் நிலை வேறு. தேநீர்க் கடையில் தினத்தந்தியின் பெங்களூர்ப் பதிப்பு கிடைக்கிறது. அறைக்குத் திரும்பினால் கைப்பேசியில் தமிழ்ச் செய்தி அலைவரிசைகள் வரிசையாக வருகின்றன. இதன் அருமை ஒரு துயரத்தின்போது தெரிந்தது. 2023 அக்டோபர் 7 அன்று அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்து பதினான்குக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தருமபுரி, கள்ளக்குறிச்சி மாவட்டங்களிலிருந்து தீபாவளி வேலைக்கு வந்த இளைஞர்கள் அவர்களில் பலர். தமிழ்ச் செய்தியாளர்கள் உடனே அங்கே போனார்கள். இறந்தவர்களின் பெயர், ஊர், படிப்பு, குடும்பச் சூழல் எல்லாம் தமிழ்நாட்டுக்குத் தெரிந்தது. தமிழ்நாடு அரசு அமைச்சர்களை அனுப்பியது, நிவாரணம் அறிவித்தது.

அந்த வேகம் தானாக வந்ததல்ல. இறந்தவர்களின் மொழி பேசும் செய்தியாளர்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் அலைவரிசைகளும், அந்த அலைவரிசைகளைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டிய அரசும் இருந்தன. சந்தாலி பேசும் ஓர் இளைஞர் இதே சாலையில் ஓர் ஆலை விபத்தில் இறந்தால் இந்த மூன்றில் எது அவருக்கு உண்டு என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி சந்தாலி பேசுவோர் 73 லட்சத்துக்கும் மேல். அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் இடம்பெற்ற மொழி அது.

செய்தி போய்ச் சேராத இடத்தை வதந்தி நிரப்பிவிடுகிறது. பெங்களூர் இதை 2012 ஆகஸ்டில் நேரில் கண்டது. அசாம் வன்முறையை அடுத்து, வடகிழக்கு மக்கள் தாக்கப்படப்போகிறார்கள் என்று குறுஞ்செய்திகள் பரவின. ஆயிரக்கணக்கானோர் ரயில் நிலையத்துக்கு ஓடினார்கள். குவாஹாட்டிக்குச் சிறப்பு ரயில்கள் விட வேண்டியதாயிற்று. மொத்தக் குறுஞ்செய்திகளுக்கு மத்திய அரசு தடை போட்டது. போலீஸ் உயரதிகாரிகளும் அமைச்சர்களும் நிலையத்துக்கே போய் ‘போகாதீர்கள்’ என்று கேட்டார்கள். ஆனால் அந்த இளைஞர்கள் அன்றாடம் கேட்டு நம்பிப் பழகிய ஒரு குரல் அந்த நகரத்தில் இல்லை. நெருக்கடி வந்த நாளில் புதிதாக ஒரு குரலை உண்டாக்கி நம்பச் சொன்னால் யார் நம்புவார்கள்?

தமிழ்நாட்டிலும் 2023 மார்ச்சில் இது நடந்தது. பிகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவி, நம் காவல் துறை இந்தியில் விளக்கம் தர வேண்டியிருந்தது. அந்த விளக்கமும் இந்தி தெரிந்தவர்களுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கும்.

மல்கான்கிரியிலிருந்து ஒரு பெண்

பழங்குடியினர் தம் செய்தியைத் தாமே சொல்ல முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஜெயந்தி புருடாவின் வாழ்க்கையைச் சொல்லலாம். ஒடிசாவின் தென்கோடியில் ஆந்திரத்தையும் சத்தீஸ்கரையும் தொட்டுக்கொண்டிருக்கும் மல்கான்கிரி மாவட்டத்துக்காரர். கோயா பழங்குடி. கோயா மொழி நம் தமிழ் சார்ந்த திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. கோண்டிக்கு நெருங்கிய உறவு. பதினோரு பிள்ளைகளில் ஒன்பதாவதாகப் பிறந்தவர், கோராபுட்டில் உள்ள ஒடிசா மத்தியப் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்தார். 2015-இல் கலிங்கா டிவியில் செய்தியாளராகச் சேர்ந்தார். கோயா சமூகத்திலிருந்து செய்தித் துறைக்கு வந்த முதல் பெண் என்று அவரைச் சொல்கிறார்கள்.

அவருடைய மாவட்டத்தை வெளியுலகம் அறிந்தது வேறு காரணங்களுக்காக. 2011-இல் மாவட்ட ஆட்சியர் வினீல் கிருஷ்ணாவை மாவோயிஸ்டுகள் கடத்தியபோது மல்கான்கிரி தேசியத் தொலைக்காட்சியில் வந்தது. பாலிமேளா அணை கட்டப்பட்டதால் துண்டிக்கப்பட்டுப்போன சிற்றூர்களை இணைக்கும் குருப்ரியா பாலம் 2018-இல் திறக்கப்பட்டபோது மீண்டும் வந்தது. துப்பாக்கிச் சத்தம் கேட்டால் கேமரா போகும், நின்றால் திரும்பிவிடும்.

2016-இன் பிற்பகுதியில் அந்த மாவட்டத்தில் நடந்ததைச் சற்று நின்று பார்க்க வேண்டும். குழந்தைகள் காய்ச்சலும் வலிப்புமாகச் சில மணி நேரத்தில் இறந்துகொண்டிருந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று அறிவிக்கப்பட்டது. பன்றிகள் ஊரைவிட்டு அகற்றப்பட்டன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய நச்சுயிரியல் அறிஞர் டி. ஜேக்கப் ஜான் தலைமையில் ஒரு குழு போய் ஆராய்ந்தது. குழந்தைகளில் ஒரு பகுதியினரின் சாவுக்குக் காரணம் மூளைக்காய்ச்சல் அல்ல, நம் ஊர்ப் புறம்போக்குகளிலும் வளரும் பேயாவிரைச் செடியின் விதை நஞ்சு என்று அது கண்டது. பசித்த குழந்தைகள் காட்டோரத்தில் பறித்துத் தின்ற விதை அது.

தன் குழந்தை காலையில் எதைத் தின்றது என்பது தாய்க்குத் தெரியும். அதை அவளிடம் கேட்க அவள் மொழி வேண்டும், அவள் வாசலில் உட்காரும் பொறுமை வேண்டும். விடை கிடைத்தபின் அடுத்த ஊரின் தாய்மார்களுக்கு அதே மொழியில் ‘அந்த விதையைத் தின்னவிடாதீர்கள்’ என்று ஒலிபரப்ப ஆள் வேண்டும். பழங்குடிச் செய்தியாளர் வேண்டும் என்று கேட்பதைச் சமூகநீதிக் கணக்கில் மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்களுக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். இது உயிரைக் காக்கும் வேலை.

ஜெயந்தி தன் பணி வாழ்வில் எடுத்த முடிவுதான் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது. தொலைக்காட்சியில் ஒருவர் வளர்வது என்றால் தலைநகருக்குப் போவது, அரங்கில் உட்காருவது, பின்பு தில்லி. அவர் வேறு பக்கம் திரும்பினார். பழங்குடிப் பெண்களின் உடல்நலத்துக்காகவும் படிப்புக்காகவும் ‘படா தீதி யூனியன்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். பிறகு ‘ஜங்கிள் ராணி’ என்ற முயற்சியில் பழங்குடிப் பெண்களுக்குக் கைப்பேசியில் படம் பிடிக்கவும், நேர்காணவும், தம் மொழியிலேயே செய்தி சொல்லவும் பயிற்சி கொடுத்தார். ஃபோர்ப்ஸ் இந்தியா இதழ் 2024-இல் தன் சாதனைப் பெண்கள் பட்டியலில் அவரைச் சேர்த்தது. பட்டியலைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, அவருக்குப் பின்னால் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு சிற்றூருக்குள் நடக்கிற பெண்கள்தான்.

மேற்கு வங்கத்தின் ஜார்கிராமில் ஷிகா மண்டி என்ற சந்தால் பெண்ணும் இப்படித்தான் வந்தார். ரேடியோ மிலன் என்ற வானொலியில் முழுக்க சந்தாலியிலேயே நிகழ்ச்சி நடத்தினார். ஒரு வானொலி தன் மொழியில் பேசியதைக் கேட்ட பிள்ளைகள் அந்த மொழியை வெளியில் பேசக் கூச்சப்பட மாட்டார்கள்.

பெங்களூர் எண்ணில் ஒலித்த கோண்டி

சத்தீஸ்கர் பழங்குடியினரின் செய்திச் சேவை ஒன்று பெங்களூர்த் தொலைபேசி எண்ணில் இயங்கியது என்பது இந்நகரில் பலருக்குத் தெரியாது. சுப்ரான்ஷு சௌத்ரி என்ற முன்னாள் பிபிசி செய்தியாளர் 2010-இல் தொடங்கிய ‘சிஜிநெட் ஸ்வரா’தான் அது. பெங்களூரில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வு மையம் அதன் தொழில்நுட்பத்துக்கு உதவியது. எண் 080 என்று தொடங்கும். காட்டுக்குள் இருப்பவர் சாதாரணக் கைப்பேசியில் அழைத்துத் துண்டித்துவிட்டால் போதும், கணினி திரும்ப அழைக்கும். ஓர் எண்ணை அழுத்தினால் தன் செய்தியைப் பதிவு செய்யலாம், இன்னோர் எண்ணை அழுத்தினால் மற்றவர்கள் சொன்னதைக் கேட்கலாம். எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை, இணையமும் வேண்டியதில்லை.

வராத கூலி, ஓடாத கைப்பம்பு, பள்ளிக்கு வராத ஆசிரியர் என்று அதில் வந்த செய்திகள் பெரிய ஊடகங்கள் தொடாதவை. பொறுப்பான அதிகாரியின் எண்ணும் செய்தியோடு வரும். கேட்டவர்கள் அவரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். பல ஊர்களில் கூலி வந்தது, பம்பு ஓடியது.

இந்தத் துறையில் கால்வைத்த எல்லோருக்கும் பாதை எளிதாக இருக்கவில்லை. தந்தேவாடாவைச் சேர்ந்த லிங்காராம் கோடோபி நொய்டாவுக்குப் போய் இதழியல் படித்தார். 2011-இல் தாட்மெட்லா உள்ளிட்ட சிற்றூர்களில் வீடுகள் எரிக்கப்பட்டபோது அந்த மக்களின் வாக்குமூலங்களைப் படமெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில், ஒரு நிறுவனத்திடமிருந்து மாவோயிஸ்டுகளுக்குப் பணம் கொண்டுபோனதாகக் கைது செய்யப்பட்டார். உச்ச நீதிமன்றம் பிணை கொடுத்தது 2013-இல். குற்றமற்றவர் என்று விடுதலையானது 2022-இல். ஒரு செய்தியாளர் தொழிலில் வளர வேண்டிய பத்தாண்டுகளை வழக்கு தின்றுவிட்டது. அடையாள அட்டையும் நிறுவனத்தின் கடிதமும் வழக்கறிஞரும் இல்லாமல் அனுப்பப்படும் செய்தியாளருக்கு இதுதான் நேரும்.

ஏணி இல்லாத தொழில்

ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், செய்தி நிறுவனங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை. நாட்டு மக்களில் பழங்குடியினர் 8.6 விழுக்காடு, பத்துக் கோடிக்கும் மேல்.

திறமையானவர்கள் கிடைக்கவில்லை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். இதை நான் ஏற்கவில்லை. கடைசிப் படியில் நிற்கும் பகுதிநேரச் செய்தியாளருக்குச் செய்திக்கு இவ்வளவு என்றுதான் காசு. கேமரா அவருடையது, வண்டி அவருடையது, பெட்ரோலும் அவருடையது. ஒளிபரப்பாகாத செய்திக்கு ஒன்றும் இல்லை. வீட்டில் நிலமோ கடையோ இருப்பவர்தான் இதில் தாக்குப்பிடிக்க முடியும். கூலி வேலைக்காரரின் மகளால் எத்தனை மாதம் முடியும்? ஜெயந்தி போன்ற ஒருவர் வருவதைக் கொண்டாடிவிட்டு, அடுத்தவர் வர முடியாதபடி தொழிலை வைத்திருக்கிறோம்.

வேறு நாடுகள் இதைத் தனிமனிதத் திறமைக்கு விட்டுவிடவில்லை. கனடாவில் 1999-இல் முதற்குடிகளுக்கான ஏபிடிஎன் அலைவரிசை தொடங்கியபோது, கேபிள் நிறுவனங்கள் அதை எல்லாச் சந்தாதாரர்களுக்கும் தர வேண்டும், சந்தாவில் மாதம் 15 சென்ட் அதற்குப் போக வேண்டும் என்று உரிமத்திலேயே எழுதினார்கள். நியூசிலாந்தில் மாவோரித் தொலைக்காட்சி 2004-இல் வந்தது, தைவானில் 2005-இல் பழங்குடித் தொலைக்காட்சி. அங்கே ஓர் இளைஞர் உதவியாளராகச் சேர்ந்து ஆசிரியராக ஓய்வு பெற முடியும்.

அலைவரிசை இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. ஆஸ்திரேலியாவின் விராஜுரி பழங்குடியைச் சேர்ந்த ஸ்டான் கிரான்ட், சிஎன்என் வரை உயர்ந்த மூத்த தொலைக்காட்சியாளர். 2023-இல் பிரிட்டன் மன்னரின் முடிசூட்டு விழா பற்றிய ஒளிபரப்பில் முடியாட்சி தன் மக்களுக்குச் செய்ததைப் பேசினார். அதன்பின் கொட்டப்பட்ட இனவெறி வசையைத் தாளாமல், தான் நடத்திய நிகழ்ச்சியிலிருந்து விலகினார். திரையில் ஒருவரை உட்கார வைத்த நிறுவனம், அடி விழும்போது அவர் பக்கம் நிற்கவும் வேண்டும்.

செய்யக்கூடியவை

முதலில் சட்டத்தில் ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும். நாட்டில் 500-க்கும் மேற்பட்ட சமுதாய வானொலிகள் இயங்குகின்றன. வயநாட்டின் மாற்றொலி, நீலகிரியில் கோத்தகிரி வானொலி, மைசூரு மாவட்டம் சரகூரின் ஜனத்வனி ஆகியவை பழங்குடியினருக்குப் பேசுகின்றன. ஆனால் இந்த வானொலிகள் தாமே திரட்டிய செய்தியை ஒலிபரப்ப முடியாது. ஆகாஷ்வாணியின் செய்தியை மாற்றாமல் அப்படியே தரலாம். ஒரு யூடியூப் அலைவரிசை எதையும் செய்தியென்று சொல்லலாம், பதிவுபெற்ற, பொறுப்புள்ள சமுதாய வானொலி உள்ளூர்ச் செய்தி சொல்லக் கூடாது என்பதில் நியாயம் இல்லை. பத்துக் கிலோமீட்டர் எல்லைக்குள் நடப்பதை, ஒழுங்கு விதிகளுக்கு உட்பட்டுச் சொல்ல மத்திய அரசு அனுமதிக்க வேண்டும்.

அனுமதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சட்டங்களை விளக்குவது, உதவி எண்களைச் சொல்வது, மருத்துவரோடு பேசுவது ஆகியவற்றை இப்போதே செய்யலாம். ஆனேக்கல் தாலுகாவில் ஒரு சமுதாய வானொலிக்குக் கல்லூரியோ தொண்டு நிறுவனமோ விண்ணப்பிக்கலாம். பொம்மசந்திரா, ஜிகணி ஆலைகளில் பெரியவை சட்டப்படி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டியவை. தம் வாசலில் நிற்கும் தொழிலாளிக்காகும் இந்தச் செலவை அவை ஏற்கலாம். ஒடியா, சந்தாலி, இந்தி, தமிழ், கன்னடம் என நேரம் பிரித்து, வார நாட்களில் இரவு வேலை மாறும் நேரத்துக்கும் ஞாயிறு காலைக்கும் நிகழ்ச்சி வைக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் அவர்களுக்குக் காது ஓய்வாக இருக்கும்.

ஆகாஷ்வாணி 23 மொழிகளிலும் 179 வட்டார வழக்குகளிலும் ஒலிபரப்புவதாகச் சொல்கிறது. அந்த நிகழ்ச்சிகள் பெரும்பாலும் அம்மொழிகளைப் பேசுகிறவர்களின் சொந்த மாநிலத்தில்தான் ஒலிக்கின்றன. பேசுகிறவர்களில் பாதி இளைஞர்கள் பெங்களூரிலும் ஓசூரிலும் திருப்பூரிலும் இருந்தால் அவற்றால் என்ன பயன்? அங்கே தயாராகும் நிகழ்ச்சிகளை வாரம் அரை மணி நேரமாவது பெங்களூர் நிலையத்தில் தரலாம். அப்படி ஒரு நிகழ்ச்சி இருந்திருந்தால், 2025 நவம்பரில் சத்தீஸ்கர், மேற்கு வங்க மாநிலங்களில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது இங்கே வேலையிலிருந்தவர்கள் படிவத்தைப் பற்றி ஊருக்கு ஃபோன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருந்திருக்காது. அந்த அரை மணி நேரமே அதற்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

கர்நாடகத் தொழிலாளர் துறை, புதிய சட்டத் தொகுப்புகளின் அடிப்படை விஷயங்களைப் பத்து மொழிகளில் ஐந்து நிமிட ஒலிப்பதிவுகளாக்கி, சிஜிநெட் காட்டிய வழியில் ஒரு தவறிய அழைப்புக்குத் திரும்ப அழைத்துக் கேட்கவைக்கலாம். கூலி பாக்கி, விபத்து பற்றிய புகாரையும் அதே எண்ணில் பதிவு செய்துகொண்டு, பதில் வந்ததா என்பதையும் அதிலேயே சொல்ல வேண்டும்.

கர்நாடக ஊடக அகாதெமியும் தமிழ், கன்னடச் செய்தி அலைவரிசைகளும் சேர்ந்து ஆண்டுக்குப் பத்துப் பழங்குடி இளைஞர்களையாவது எடுத்துப் பயிற்றலாம். ஹக்கிப்பிக்கி, இருளிகர் பிள்ளைகளுக்கும், இங்கேயே வேலைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் அதில் இடம் வேண்டும். பட்டப்படிப்பைக் கட்டாயமாக்க வேண்டாம். பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை, முடிந்ததும் வேலை என்பதை எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். செய்திக்கு இவ்வளவு என்ற கணக்கு அவர்களுக்கு வேண்டாம். மாதச் சம்பளமும் காப்பீடும் நிறுவனத்தின் அடையாள அட்டையும், வழக்கு வந்தால் நிறுவனத்தின் வழக்கறிஞரும் முதல் மாதத்திலிருந்தே கிடைக்க வேண்டும்.